பௌர்ணமி பலகையில் இல்லை

பனிமூட்டம் அன்றைக்குத் துறைமுக அலுவலகத்தின் மாடிப்படி வரைக்கும் ஏறி வந்திருந்தது. சன்னலைத் திறந்தால் உள்ளேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும் போலிருந்ததால் யாரும் திறக்கவில்லை. கடல் இருக்கும் இடமும் வெள்ளை, தெரு இருக்கும் இடமும் வெள்ளை. நடுவில் எங்கோ ஓர் ஊதல் விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நாளில் வெளியே பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை. எல்லாரும் பலகையைத்தான் பார்க்க வேண்டும்.

பலகை என்றதும் மரப்பலகை என்று நினைத்துவிடாதீர்கள். மாடி அறையில் ஒரு சுவரை அடைத்து மாட்டியிருந்த பெரிய திரைக்கு அங்கே வைத்த பெயர் அது. நீலமாகக் கடல், அதன்மேல் வெள்ளைப் புள்ளிகளாகப் படகுகள், ஒவ்வொரு புள்ளிக்குப் பக்கத்திலும் படகின் பெயர். எந்தப் படகு கடைசியாக எங்கே இருந்தது என்று வலது ஓரத்தில் வரிவரியாக ஓடும். படகில் பொருத்திய சின்னக் கருவி, தன் சொந்த பேட்டரியில் ஓடி, தான் இருக்கும் இடத்தை ஓயாமல் அனுப்பும். கீழ்த்தளத்து சர்வர் அதை வாங்கிச் சேர்த்து வைக்கும். பலகை அதனிடம் கேட்டுக் கேட்டுக் காட்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்!

அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்கிறவளுக்குப் பலகைக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதில் அவளுக்கு வருத்தமெல்லாம் கிடையாது. அம்மா அப்பா போன பிறகு, தான் கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளாமல் தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவனுக்குப் பெண் பார்த்து, அடுத்த தெருவிலேயே வீடும் பிடித்துக் கொடுத்தாள். இன்னும்கூட அவன் சட்டையில் பித்தான் அறுந்திருந்தால் முதலில் இவள் கண்ணில்தான் படும். அதில் தம்பி மனைவிக்கு ஒரு சின்ன மனத்தாங்கல். நியாயமான மனத்தாங்கல்தான், யாராக இருந்தாலும் இருக்கும்.

அன்று காலை பலகையில் ஒரே ஒரு வரி மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது.

'பெளர்ணமி - சிக்னல் இல்லை.'

அந்தப் படகில் என்ஜின் பார்க்கிறவன் அவளுடைய தம்பி.

முந்தின நாள் எல்லாப் படகும் சேர்ந்துதான் கிளம்பின. பனி இறங்குவதைப் பார்த்து மற்றவை ஒவ்வொன்றாகக் கரைக்குத் திரும்பிவிட்டன. பௌர்ணமி மட்டும் திரும்பவில்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் இரைச்சல்தான் வந்தது. கருவியில் ஈரம் ஏறியிருக்கும், இதோ வந்துவிடுவார்கள் என்று ஆளாளுக்கு முதலில் ஆறுதல் சொன்னார்கள். விடிந்த பிறகு அந்த ஆறுதலையும் சொல்ல ஆளில்லை.

துறைமுக மேலாளருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். டீ வர வேண்டுமென்றாலும் அவருக்கு அவசரம், பேனாவுக்கு மூடி வேண்டுமென்றாலும் அவசரம். எல்லாமே அவசரமாக இருந்து இருந்து, நிஜமாகவே அவசரம் வந்த அன்றைக்கு அந்த மனிதருக்குச் சொல்ல வார்த்தை இல்லாமல் போய்விட்டது. கையைப் பிசைந்துகொண்டு பலகைக்கு முன்னால் நின்றார்.

“மத்தியானம் காத்து திரும்பும்மா. திரும்பினா பாறைப் பக்கம் தள்ளும். மீட்புப் படகு நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. எந்தப் பக்கம் அனுப்புறதுன்னு நீதான் சொல்லணும்.”

“சிக்னல் இல்லைன்னு காட்டுதே சார், நான் என்னத்தைச் சொல்ல?” என்றாள் அவள்.

“கருவி செத்துப்போச்சா, இல்ல நம்ம பலகை கோளாறா, அதையாவது சொல்லு.”

அவளுக்கே தெரியாத கேள்வி அது. பலகை புதிது. பழைய திரையைக் கழற்றிவிட்டு இந்த வாரம்தான் இதை மாட்டியிருந்தார்கள், கடலில் இருக்கும் படகுகளை இதில் பார்க்கத் தொடங்கியதே முந்தின நாள்தான். கருவி செத்திருந்தால் தம்பியை அந்த வெள்ளைக்குள் கண்ணை மூடிக்கொண்டு துழாவ வேண்டியதுதான். பலகை கோளாறு என்றால் அவன் இருக்கும் இடம் இந்தக் கட்டடத்துக்குள்ளேயே எங்கோ இருக்கிறது, அவளுக்குத்தான் எடுக்கத் தெரியவில்லை. இரண்டில் எது என்று காற்று திரும்புவதற்குள் தெரிந்தாக வேண்டும்.

எல்லாப் படகும் சேர்ந்து தெற்கேதான் மீன் பிடித்ததாக மற்றப் படகுக்காரர்கள் சொன்னார்கள். மேலாளர் வேறு வழியில்லாமல் மீட்புப் படகைத் தெற்கே அனுப்பினார். அதன் வெள்ளைப் புள்ளி பலகையில் மெல்லக் கீழே நகர்ந்தது.

இங்கே ஒரு குடும்ப விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். கீழ்த்தளத்துச் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் ஒரு பெரிய மனிதர், அலுவலகத்துக்கே மாமா. வீட்டில் இருக்கும் மாமியைவிட இந்த இயந்திரத்தோடுதான் அவர் அதிக நேரம் இருக்கிறார் என்று, அதற்கு மாமியார் என்று யாரோ பெயர் வைத்துவிட்டார்கள். புதிதாக வந்த பலகை மென்பொருள் சும்மா இருக்குமா? அதற்கு மருமகள் என்று பெயர் விழுந்தது. வந்த நாளிலிருந்து இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. மேலே கேட்டால் மாமியார் பதிலே சொல்வதில்லை என்பார்கள். கீழே கேட்டால் மருமகளுக்குக் கேட்கத் தெரியவில்லை என்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் பலகைக்காரிதான்.

அவள் முதலில் இணைப்பைச் சோதித்தாள். 'இணைப்பு வெற்றி' என்று பச்சையாக வந்தது. பாஸ்வேர்டை மறுபடி கொடுத்துப் பார்த்தாள், வெற்றி. மென்பொருளை அணைத்துப் போட்டாள். தரையில் மண்டிபோட்டு மேசைக்கடியில் கேபிளைப் பிடுங்கித் துடைத்துச் செருகினாள். பழைய தகவலைப் பிடித்து வைத்துக்கொண்டு புதிது போலக் காட்டுகிறதோ என்று எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு மறுபடி இழுத்தாள். மற்றப் படகுகள் சமர்த்தாக அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. சாம்பல் வரி சாம்பலாகவே கிடந்தது.

பிறகு தேடல் பெட்டியைத் திறந்தாள். பலகை இரண்டு அட்டவணைகளைச் சேர்த்துத்தான் காட்டும். படகுகளின் அட்டவணை மேலே இவளிடம் இருக்கும், வருகிற சிக்னல்களின் அட்டவணை கீழே மாமியாரிடம் இருக்கும். இரண்டிலும் படகின் பெயரை வைத்துத்தான் ஆளைப் பொருத்திப் பார்க்கும். அவள் தன் அட்டவணையிலிருந்து படகின் பெயரை நகலெடுத்து, தேடல் பெட்டியில் ஒட்டி, மாமியாரிடம் கேட்டாள். எப்போதும் அப்படித்தான் செய்வாள், தட்டினால் எழுத்துப் பிழை வந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம்.

'ஒன்றும் கிடைக்கவில்லை' என்றது மாமியார். அதையும் மரியாதையாகச் சொன்னது, அதுதான் இன்னும் எரிச்சல்.

அப்போதுதான் தம்பி மனைவி வந்தாள். நனைந்த தலையைத் துவட்டக்கூட இல்லை. பனியில் நடந்து வந்ததில் புருவமெல்லாம் பொடிப்பொடியாக ஈரம். தையல்காரி, விரலில் உறையைக் கழற்றாமலேயே ஓடி வந்திருந்தாள்.

“அண்ணி, என்னமோ சொல்றாங்களே?”

“உக்காரு. ஒண்ணும் ஆகாது.”

“ஒண்ணும் ஆகாதுன்னா எங்க இருக்காருன்னு சொல்லுங்க.”

பலகைக்காரி திரையைப் பார்த்தாள். தம்பி மனைவியும் பார்த்தாள். அவளுக்கு அந்த நீலத்தில் ஒன்றும் புரியவில்லை, சாம்பல் வரி மட்டும் புரிந்தது.

“நாள் பூரா இதைத்தானே பாத்துட்டு உக்காந்திருக்கீங்க! அவர் சட்டையில பித்தான் போனா உங்க கண்ணுக்குத் தெரியுது. அவரே போனா தெரியாதா?”

சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். மேலாளர் அவசர அவசரமாக வேறு பக்கம் திரும்பினார். பலகைக்காரிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனால் கோபம் வரவில்லை. அவளுக்கும் அதே கேள்விதான் இருந்தது, தானே கேட்டுக்கொள்ளத் துணியாமல் வைத்திருந்தாள். எழுந்துபோய்த் துண்டு ஒன்றை எடுத்துவந்து தம்பி மனைவியின் தலையில் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

சன்னலுக்கு வெளியே வெள்ளை இன்னும் கெட்டிப்பட்டது. ஊதல் தூரத்தில் ஒரு தடவை கத்தியது, பக்கத்தில் ஒரு தடவை கத்தியது, எங்கிருந்து கத்துகிறது என்றே சொல்ல முடியவில்லை. அறைக்குள் திரையின் நீல வெளிச்சம் எல்லார் கையிலும் முகத்திலும் படிந்திருந்தது. பலகைக்காரி கண்ணை ஒரு நொடிதான் மூடினாள்.

மூடியதும் அந்த நீலத்துக்குள் நடந்துகொண்டிருந்தாள். தண்ணீரே இல்லை. தரை போலக் காய்ந்து, காலுக்கு இதமாக இருந்தது. வெள்ளைப் புள்ளிகள் அவள் தலை உயரத்துக்கு ஒவ்வொன்றாக மிதந்தன. பெயர்களை வாசித்துக்கொண்டே போனாள். எல்லாப் பெயரும் இருந்தது, அவளுக்கு வேண்டிய பெயர் மட்டும் இல்லை. சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது ஒளிந்துகொண்டு, பொறுமை இல்லாமல் தானே குரல் கொடுத்துவிடுவான் தம்பி. அதே குரல் காலுக்கடியிலிருந்து வந்தது. 'அக்கா, இங்கதான் இருக்கேன்.' குனிந்தாள். நீலத்துக்கு அடியில் இன்னொரு நீலம் இருந்தது. 'எங்கேடா?' என்று கேட்க வாயெடுத்தாள்.

“அண்ணி!” என்று தம்பி மனைவி தோளைத் தொட்டாள்.

கனவை நம்பி வேலை செய்கிறவள் இல்லை பலகைக்காரி. அப்படிச் செய்தால் சம்பளம் வருமா? ஆனால் விழித்தவுடன் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இத்தனை நேரமாக அவள் எல்லாவற்றையும் மருமகள் வாயால்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாமியாரிடம் என்ன இருக்கிறது என்று நேரில் போய் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இணைப்பு வெற்றி, கேள்வி வெற்றி, பதில் மட்டும் வெறுமை என்றால், கேட்கிற கேள்வியையே யாராவது சந்தேகப்பட வேண்டாமா?

நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுப் படியில் இறங்கினாள். தம்பி மனைவி துண்டோடு பின்னாலேயே வந்தாள்.

கீழ்த்தளத்து அறை சின்னது, குளிர்ந்தது. மின்விசிறிகளின் சத்தம் மழை போல ஒரே சீராகக் கேட்டது. மாமா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கையில் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தார்.

“மாமா, சிக்னல் அட்டவணையை நான் நேரா பாக்கணும். பலகை வழியா வேணாம். அப்படியே பச்சையா.”

“மேல இருக்கிறவங்க இதைத் தொடக்கூடாதும்மா. விதின்னு ஒண்ணு இருக்குல்ல?”

“தொடல. நீங்க தொடுங்க, நான் பாக்கிறேன்.”

“நான்தான் சொன்னேனே, என் பக்கம் எல்லாம் வந்துட்டுதான் இருக்கு. பச்சை விளக்கு எரியுது பாரு. பேரு ஊரெல்லாம் எனக்குத் தெரியாது. வர்றதை வாங்கி வைக்கிறதுதான் என் வேலை.”

“என் தம்பி மாமா” என்றாள் அவள்.

மாமா டீயைக் கீழே வைத்தார். பாஸ்வேர்டைத் தட்டும்போது மட்டும் பழக்கதோஷத்தில் தோளால் மறைத்துக்கொண்டார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மேலே ஏறத் தொடங்கின. படமும் இல்லை, கடலும் இல்லை. நேரம், எண், எண், பெயர். மறுபடி நேரம், எண், எண், பெயர். கரையில் கட்டிக் கிடந்த படகுகளும் கருவியை அணைக்காமல் விட்டிருந்ததால் தங்கள் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தன. வரிகள் வழிந்தோடின. பலகைக்காரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள்.

“நிறுத்துங்க!”

மாமா நிறுத்தினார்.

அவள் விரலை நீட்டினாள். விரல் திரையைத் தொட்டுவிட்டது, மாமா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறோமோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. அதனால் தம்பி மனைவியைப் பிடித்து இழுத்தாள்.

“இதைப் படி. என்ன எழுதியிருக்கு?”

“பௌர்ணமி.”

“இது?”

“அதுவும் பௌர்ணமிதான். அதுக்கு மேலயும் பௌர்ணமி. ஏன் அண்ணி?”

கடைசி வரி இப்போதுதான் வந்து விழுந்திருந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கு முன்னால் இன்னொன்று. நேற்றுக் கிளம்பியதிலிருந்து ஒரு வேளைகூட விடாமல் வந்துகொண்டே இருந்திருக்கிறது. காரணத்தையெல்லாம் யோசித்துக்கொண்டு நிற்கிற நேரமா அது! அவள் எண்களைப் புறங்கையில் கிறுக்கிக்கொண்டு இரண்டு இரண்டு படியாகத் தாவினாள். தையல்காரி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.

“சார், வடக்கு! தெக்கே இல்ல, வடக்கு! பாறைக்கு அந்தப் பக்கம்!”

மேலாளர் வயர்லெஸ்ஸைப் பிடுங்கிக்கொண்டு எண்களைச் சொன்னார். மீட்புப் படகின் கேப்டன் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தார். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, “நேர் எதிர்ப் பக்கம் வந்திருக்கோம். திரும்புறோம். காத்து திரும்புறதுக்குள்ள போகப் பாக்கிறோம்” என்றார். மேலாளர் வாழ்க்கையில் முதல்தடவையாக, “நிதானமாப் பாத்துப் போங்க” என்றார்.

இனி இங்கிருந்து செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருக்கிற நேரத்தில் கை சும்மா இருக்குமா? பலகைக்காரி தன் அட்டவணையைத் திறந்தாள். தன்னுடைய பெயரையும் மாமியாரிடமிருந்து வந்த பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாள்.

பெளர்ணமி.

பௌர்ணமி.

உற்று உற்றுப் பார்த்தாள். அச்சு அசலாக ஒன்றுதான். 'இரண்டும் ஒன்றா?' என்று இயந்திரத்தைக் கேட்டாள். 'இல்லை' என்றது. மறுபடி கேட்டாள். 'இல்லை.' மேலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். “இதுக்குக் கண்ணுதான் கெட்டுப்போச்சு” என்று தீர்ப்புச் சொன்னார்.

அவள் கீபோர்டில் அம்பு விசையை அழுத்தி, பெயருக்குள் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தாள். கீழே இருந்ததில் முதல் எழுத்தை ஒரே தாவலில் தாண்டியது. மேலே இருந்ததில் பாதியில் நின்று, இன்னொரு தாவல் தாவியது.

ஆகா!

சர்வரிலிருந்து வந்தது ஒரே எழுத்து, பௌ. அவளிடம் இருந்தது இரண்டு எழுத்து, ஒரு பெ, அதற்குப் பக்கத்தில் ஒரு ள. ஔகாரத்தின் வால் பார்ப்பதற்கு ள போலவே இருக்கிறதே என்று, பெ போட்டு ள போட்டு வைத்திருக்கிறது ஒரு கை. கண்ணுக்கு ஒன்று, காதுக்கும் ஒன்று, இயந்திரத்துக்கு மட்டும் அது பெ-ள-ர்ணமி என்ற வேறு ஏதோ படகு. அப்படி ஒரு படகு உலகத்திலேயே கிடையாது, அது எங்கிருந்து சிக்னல் அனுப்பும்? இந்தத் தப்பைச் செய்ய வேறு எந்த பாஷைக்காரனாலும் முடியாது. தமிழ் எழுதுகிறவன் செய்வான், தமிழ் படிக்கிறவனும் கண்டுபிடிக்காமல் தாண்டிப் போவான்.

யாருடைய கை என்றும் அவளுக்குத் தெரிந்தது. பலகை மாற்றும்போது பழைய பெயர்களெல்லாம் கோழி கிளறியது போலக் கோணல்மாணலாக வந்துவிட்டன. எல்லாவற்றையும் புதிதாகத் தட்ட வேண்டியிருந்தது. அவளுக்கு மணிக்கட்டு வலி. ஓய்வு நாளென்று சும்மா எட்டிப் பார்க்க வந்த தம்பி, 'தள்ளு, நான் தட்டுறேன்' என்று உட்கார்ந்தான். தன் படகின் பெயர் வந்தபோது கையைச் சொடக்கிக்கொண்டு, 'இதுதான் நம்ம வீட்டுப் பேரு' என்று அழுத்தித் தட்டினான். பள்ளிக்கூடத்தில் ஔவுக்கும் ஒ-ளவுக்கும் வித்தியாசம் தெரியாமல் காதைத் திருகிக்கொண்டு வருவான். அவள்தான் வீட்டில் உட்கார வைத்து எழுதக் கொடுப்பாள், அவனும் கடைசிவரை ஒ போட்டு ள போடுவான்.

“என்ன அண்ணி, அழுறீங்களா?”

“இல்ல. அவன் எழுத்து இது.”

தம்பி மனைவி குனிந்து அந்த ளவைப் பார்த்தாள். அவளுக்கு இயந்திர சமாசாரம் விளங்கவில்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு கையை அண்ணியின் முதுகில் வைத்திருந்தாள்.

பலகைக்காரி இரண்டு எழுத்தையும் அழித்தாள். ஒரே எழுத்தாகத் தட்டினாள். இந்தத் தடவை நகலெடுக்கவில்லை. 'புதுப்பி' என்ற பொத்தானை அழுத்தியதும் பலகை ஒரு நொடி முழுக்க நீலமாகி, காலியாகி, பிறகு புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. கடைசியில், பாறைக்கு வடக்கே, யாரும் இல்லாத நீலத்தின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி மெல்ல மலர்ந்தது. பக்கத்தில் பெயர்.

அந்தப் புள்ளி லேசாக அசைந்தது. என்ஜின் நின்றுபோய்த் தண்ணீர் போகும் பக்கமெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்தது. தெற்கிலிருந்து இன்னொரு புள்ளி அதை நோக்கி ஏறி வந்தது. அறைக்கு வெளியே காற்று திரும்பத் தொடங்கியிருந்தது, சன்னல் கண்ணாடி முதல்தடவையாகக் கடகடத்தது. பௌர்ணமி பாறைப் பக்கம் ஓர் அங்குலம் நகர்ந்தது. தம்பி மனைவி பலகைக்காரியின் கையைப் பிடித்தாள், நகம் பதிகிற அளவுக்கு. வெள்ளைக்குள் நடப்பது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அலையோ சத்தமோ இல்லாமல் இரண்டு புள்ளிகள் மட்டும், தூக்கத்தில் நடப்பவர்களைப் போல, ஒன்றை நோக்கி ஒன்று வந்துகொண்டிருந்தன. சேர்ந்தபோது இரண்டு பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிக்க முடியாமல் போயின.

வயர்லெஸ் கரகரத்தது.

“பிடிச்சாச்சு. எல்லாரும் இருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

மேலாளர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். தம்பி மனைவி, “ஐயோ, ஐயோ” என்று சிரித்தாள். போன உயிர் திரும்பி வருகிறபோது சிலருக்குச் சிரிப்புத்தான் வரும். பலகைக்காரி மட்டும் சிரிக்கவில்லை. கறுப்புத் திரையில் பார்த்த வரிகள் அவள் கண்ணிலிருந்து போகவில்லை. நேற்றிலிருந்து, அவள் இங்கே உட்கார்ந்து சாம்பல் வரியைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவன் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறான். இவள் கண்ணெதிரே நீலத்தை வைத்துக்கொண்டு, காலுக்கடியில் வந்து விழுந்த குரலைக் கேட்காமல் இருந்திருக்கிறாள். அது அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

படகு கரைக்கு வந்தபோது பனி கொஞ்சம் விலகி, துறையின் கற்கள் வரைக்கும் தெரிந்தது. முதலில் குரல்கள் வந்தன, பிறகு கயிறு வந்தது, பிறகுதான் படகு வந்தது. தம்பி போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கினான். முகமெல்லாம் என்ஜின் கரி. மனைவி அவன் நெஞ்சில் இரண்டு குத்துக் குத்திவிட்டு அங்கேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். பலகைக்காரி இரண்டடி தள்ளி நின்றாள்.

சுக்கான் பிடிக்கிறவர் அவளைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு வந்தார். நரைத்த மனிதர், குரல் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

“உங்க தம்பியை என்னன்னு சொல்றதும்மா! என்ஜின் போச்சு, வயர்லெஸ் போச்சு, பாறையில தண்ணி அடிக்கிற சத்தம் காதுல விழுது. நாங்க எல்லாம் ஆளுக்கொரு சாமியைக் கூப்பிட்டுட்டு இருக்கோம். இவன் என்னடான்னா போர்வையை இழுத்து மூடிட்டுக் குறட்டை விடுறான்! எழுப்பினா, ‘எங்க அக்கா பலகை முன்னாடிதான் உக்காந்திருக்கா. நாம எங்க இருக்கோம்னு அவளுக்குத் தெரியும். ஆள் வரும், தூங்குங்க’ங்கிறான். கடைசியில பாத்தா நாங்களும் தூங்கிட்டோம்மா.”

தம்பி, தன் மனைவியின் தலைக்கு மேலாக, அக்காவைப் பார்த்துச் சிரித்தான்.

“பாத்துட்டுதானேக்கா இருந்தே?”

பலகைக்காரி வாயைத் திறந்தாள். அந்தச் சாம்பல் வரி, அவன் தட்டிய ள, எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. பொய் சொல்லவும் முடியவில்லை, மெய் சொல்லவும் முடியவில்லை.

தம்பி மனைவி அவன் நெஞ்சிலிருந்து தலையை எடுத்தாள். அண்ணியின் முகத்தை ஒரு முறை பார்த்தாள்.

“பாத்துட்டேதான் இருந்தாங்க” என்றாள். “நான் பக்கத்துலயே இருந்தேனே. ஒரு நிமிஷம்கூட உங்க மேல இருந்த கண்ணை எடுக்கல.”

தம்பி சுக்கான்காரர் பக்கம் திரும்பினான்.

“நான் சொன்னேன்ல?”